முதல் டீக்கு முன் அரை மணி நேரம்

எங்கள் கடையில் காலையில் போடும் முதல் டீ விற்பனைக்கு இல்லை. அது எனக்கு. பாய்லரில் தண்ணீர் கொதித்து, பால் பொங்கி, நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா டீத்தூள் பையை முக்கி எடுத்து, ஆற்றி, முதல் கிளாஸை ஏந்திக்கொண்டு கடைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வீட்டுக்குள் வருவார். நான் பாயில் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா கீது" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வெளியில் நிற்பவர்களுக்கு டீ. நான் சொல்லாதவரை யார் வந்து எப்படிக் கேட்டாலும் நைனா அடுத்த கிளாஸைத் தொட மாட்டார்.

இந்த வழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. நடை பழகும் வயதில் நான் தள்ளாடித் தள்ளாடிக் கடைக்குள் புகுந்து, யாரோ வைத்துவிட்டுப் போன ஆறிய டீயை எடுத்துக் குடித்துவிட்டுச் சிரித்தேனாம். அன்றைக்குப் பால் தீரத் தீர வாங்கி ஊற்றினார்களாம். அன்றிலிருந்து நான் நைனாவுக்கு ராசியான கை, ராசியான வாய் எல்லாம். அம்மாவுக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. "அன்னிக்கு ஆர்பர்ல இன்னாவோ தகராறு. வண்டிங்க நவுராம நின்னுகினு கெடந்துச்சு, டீ வித்துச்சு. இவ குடிச்சதாலயா வித்துச்சு?" என்பாள். நைனா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கடை இருப்பது திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் கடலோரச் சாலையில். அம்மா ஆர்பர் என்று சொல்லும் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டிய டிரைலர் லாரிகள், முதுகில் ஆளுக்கொரு கன்டெய்னரைச் சுமந்துகொண்டு, எங்கள் கடை வாசலைத் தாண்டியும் வரிசை கட்டி நிற்கும். வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. டீ குடிக்க இறங்கினால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான் என்று பல டிரைவர்கள் இருக்கையை விட்டு அசைய மாட்டார்கள். அவர்களுக்கு டீ வண்டிக்கே போக வேண்டும். அந்த வேலை என்னுடையது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் பேப்பர் கப்புகள் என்று வரிசையின் வால் வரைக்கும் நடப்பேன். அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தால் மேலேயிருந்து ஒரு கை நீளும். அந்த நடை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வண்டிகள், நடுவில் நான் என்று கொஞ்சம் திமிராகவே நடப்பேன்.

அந்தத் திமிரை ஒரு பைக் வந்து முடித்து வைத்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. இரண்டு டிரைலர்களுக்கு நடுவில் இருந்த சந்தில் புகுந்து வந்தவன் என்னைக் கவனிக்கவில்லை, நானும் அவனைக் கவனிக்கவில்லை. இடது தொடை எலும்பு, இடுப்பில் சேரும் இடத்தில் முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஸ்குரூ வைத்தார்கள். எலும்பு கூடியது. நானும் எழுந்து நடந்தேன். எல்லாம் முடிந்தது என்று அம்மா கோயிலில் பொங்கல்கூட வைத்துவிட்டாள்.

முடியவில்லை. சில மாதங்கள் கழித்துத் தொடை இடுக்கில் ஒரு வலி ஆரம்பித்தது. அங்கிருந்து முட்டிக்கு இறங்கியது. முட்டியில்தான் கோளாறு என்று வீட்டில் எல்லோரும் முட்டிக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார்கள், பிரண்டைத் துவையல் அரைத்துக் கொடுத்தார்கள், யார் யாரோ கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தேய்த்தார்கள். சூப் நன்றாக இருந்தது, மறுக்க மாட்டேன். வலி மட்டும் போகவில்லை. நான் நொண்ட ஆரம்பித்த பிறகுதான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எலும்புப் பிரிவில் இருந்த டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். தொடை எலும்பின் உச்சியில் ஒரு உருண்டை இருக்கிறது, அது இடுப்புக் குழிக்குள் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம் என்றார். "அடிபட்டப்போ இந்த உருண்டைக்கு ரத்தம் போற வழி கெட்டுப்போயிடுச்சு. ரத்தம் போகாததால உள்ள இருக்கிற எலும்பு செத்துப்போச்சு."

அம்மாவால் அதை ஏற்கவே முடியவில்லை. "உசுரோட குந்திகினு கீற பொண்ணு உள்ள எலும்பு மட்டும் எப்டிம்மா சாவும்?" என்று கேட்டாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. என் உடம்புக்குள் ஒன்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்திருக்கிறது. அழுகைகூட அப்புறம்தான் வந்தது.

மீதியை டாக்டரம்மா எங்களுக்குப் புரியும்படி சொன்னார். செத்த எலும்பை உடம்பு சும்மா விடாது. பழையதை அரித்து எடுத்துவிட்டு அங்கே புது எலும்பை வைக்கும். ஆனால் எடுக்கிற வேலை வேகமாக நடக்கும், வைக்கிற வேலை மெதுவாக நடக்கும். அந்த இடைவெளியில் உருண்டை பலமில்லாமல் நிற்கும். அப்போது உடம்பின் பாரம் அதன்மேல் இறங்கினால் நசுங்கித் தட்டையாகிவிடும். ஒருமுறை தட்டையானால் திரும்ப உருண்டையாகாது. பிறகு நொண்டல்தான், வலிதான், கடைசியில் செயற்கை மூட்டு வைக்க வேண்டிவரும். இந்த வயதில் அதை வைக்க அவருக்கு மனமில்லை.

"அதுக்கு ஒரு மாத்திரை இருக்கு. வயசானவங்களுக்கு எலும்பு தேய்மானத்துக்குக் கொடுக்கிறதுதான். பழைய எலும்பை எடுக்கிற வேகத்தைக் குறைக்கும். அதுக்குள்ள புது எலும்பு வந்து சேர்ந்துக்கும். எல்லாருக்கும் பலன் கொடுக்கும்னு என்னால சொல்ல முடியாது. முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்றார்.

நைனாவுக்கு உடனே பிடிபட்டது. புயலில் ஆட்டம் கண்ட கடைக் கூரையை மாற்றியபோது மேஸ்திரி புதுக் கம்பம் வருவதற்கு முன்பே பழைய கம்பங்களைப் பிடுங்கிவிட்டார், தகரம் மொத்தமும் பாய்லர் மேல் சரிந்தது. "அப்ப இது அந்த மேஸ்திரிய புட்ச்சு ஓரமா குந்த வெக்கிற மாத்திரை" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு ஆமாம் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மேஸ்திரி மாத்திரை.

வாரத்துக்கு ஒரு மாத்திரைதான். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது, நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையைத் தனியாக மதியம் போட்டுக்கொள்ள வேண்டும். இடது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. இரண்டு அக்குளிலும் கட்டை வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையை மாத்திரைக்கு வைத்துக்கொண்டோம்.

சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தோம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பிச் சுவரோடு சாய்த்து உட்கார வைப்பாள். மாத்திரையைத் தண்ணீர் விட்டு விழுங்குவேன். நைனா முதல் டீயோடு வருவார். குடித்துவிட்டு, "நல்லா கீது" என்பேன். பிறகு அரை மணி நேரம் அம்மா ஒரு இட்லியைக்கூட என் பக்கம் காட்ட மாட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து பண்டிகைப் பலகாரம் வந்தால்கூட, "அவ இன்னும் வெறும் வவுறு" என்று சொல்லி எடுத்து மூடி வைத்துவிடுவாள்.

டீ எங்கள் கணக்கில் சாப்பாட்டில் வராது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்தச் சாலையில் யாருக்குமே வராது. ஆடி மாதத்தில் அம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை என்பார்கள். அம்மாவே நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே டீ மேல் டீயாகக் குடிப்பாள். அது பொய் இல்லை. அவள் மனதாரப் பட்டினிதான் கிடந்தாள்.

அப்படியே மாதங்கள் ஓடின. வரிசை டீயை அம்மா எடுத்துக்கொண்டாள். நான் கொண்டு போனால் கதை பேசிக்கொண்டு குடிக்கும் டிரைவர்கள், அம்மா போனால் பேசாமல் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கிப் பையில் வைத்துக்கொள்வார்களாம். ரோட்டில் போட்டால் அம்மா விட மாட்டாள். சிவப்பு டிரைலர் ஓட்டும் அண்ணன் ஒருவர் மட்டும் தினமும் என்னைப் பற்றிக் கேட்பார். ராயபுரத்துக்காரர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதிருந்தே எங்கள் கடை டீதான் குடிக்கிறார். பைக் மோதிய அன்று என்னை ரோட்டிலிருந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றியவரும் அவர்தான்.

மறு பரிசோதனைக்குப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டாக்டரம்மா புது எக்ஸ்ரேயைப் பழையதோடு வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மேஜைமேல் அவருடைய டீ ஏடு படிந்து ஆறிக்கொண்டிருந்தது. "நான் எதிர்பார்த்தது தெரியல" என்றார். உருண்டையின் மேல் விளிம்புக்குக் கீழே மெல்லிய பிறை மாதிரி ஒரு கோடு இருந்தது. உருண்டை இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கோடு நல்லதற்கில்லை, இது பெரிதானால் மேல்பகுதி உட்கார்ந்துவிடும் என்றார். மாத்திரைக்குப் பதிலாக மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நைனா மட்டும், "ஒரு நாயித்துக்கெயமகூட உடலம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை எழுந்திருக்கிறதுலேர்ந்து என்ன செய்வேன்னு ஒவ்வொண்ணா சொல்லு பார்க்கலாம்."

பாடம் ஒப்பிப்பது மாதிரிப் பெருமையாகச் சொன்னேன். அம்மா எழுப்புவாள், நிமிர்ந்து உட்காருவேன், தண்ணீர் விட்டு மாத்திரை விழுங்குவேன், நைனா டீ கொண்டு வருவார், குடிப்பேன், பிறகு அரை மணி நேரம் படுக்க மாட்டேன், எதையும் சாப்பிட மாட்டேன்.

"டீயா?"

"ஆமா மேடம். டீ மட்டுந்தான். வேற ஒண்ணியும் துன்ன மாட்டேன். வெறும் வவுறுதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த தன் டீயைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "நானும் காலையில டீ குடிச்சிட்டு, இன்னும் ஒண்ணுமே சாப்பிடலைன்னுதான் வீட்டுல சொல்றேன். கேட்டிருக்கணும். எனக்குத் தோணவே இல்லை." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாக விளக்கினார். இந்த மாத்திரை சாதாரணமாகவே உடம்பில் கொஞ்சம்தான் சேரும். பாலோ டீயோ காபியோ உடனே போனால் அந்தக் கொஞ்சமும் சேராது. எலும்புக்குப் போய்ச் சேராமல் வந்த வழியே போய்விடும். வெறும் தண்ணீர், ஒரு பெரிய டம்ளர் நிறைய, அவ்வளவுதான். அரை மணி கழித்துத்தான் வேறு எதுவும் வாயில் படலாம்.

"அப்போ இத்தினி மாசமும்..." என்றார் நைனா.

"இன்னும் நேரம் இருக்குங்க. உருண்டை நசுங்கல. ஊசியை அப்புறம் யோசிக்கலாம். இப்ப இதை ஒழுங்கா செஞ்சு பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது நைனா மொபெட்டைக் கடல் பக்கமாக நிறுத்திவிட்டார். பின்னால் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் தோள் குலுங்கியது. "என் கையாலயே குட்த்தேன் கண்ணு" என்றார். நைனா அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. தாங்க முடியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "இன்னா நைனா, வெசமா குட்த்த? டீதான குட்த்த. வண்டிய எடு, வெயில் மண்டையப் பொளக்குது" என்று கத்தினேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வம்பே ஆரம்பித்தது. அம்மா சுலபமாக ஒரு வழி சொன்னாள். என்னை அரை மணி முன்னதாக எழுப்பி மாத்திரையைக் கொடுத்துவிட்டால், பாய்லர் தயாராகும்போது முதல் டீக்கும் நேரம் சரியாக இருக்கும். அப்படியே செய்தோம். இருட்டில் எழுப்பினால் நான் எங்கே நிமிர்ந்து உட்காருவது? அம்மா கடைக்குப் பால் பாத்திரம் எடுத்துக் கொடுக்கப் போன நேரத்தில் சுவரோடு சரிந்து தலையணையில் விழுந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. அன்றைக்கு முழுக்க எச்சில் விழுங்குவதே பெரும்பாடாக இருந்தது.

நைனா ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குள் உட்கார வேண்டாம், கடை பெஞ்சில் உட்கார வேண்டும். அங்கே வெளிச்சம் இருக்கும், சத்தம் இருக்கும், இத்தனை பேருக்கு நடுவில் தூங்க முடியாது. "செரி, வர்றவனுக்கு டீ?" என்றாள் அம்மா. "பாப்பா குடிச்ச அப்பாலதான்" என்றார் நைனா. அரை மணி நேரம் கடையைக் கட்டிப் போடுவதா, ஞாயிறு ஒரு நாளாவது முதல் டீயைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கக் கூடாதா என்று அம்மா எவ்வளவோ சண்டை போட்டாள். நைனா அசையவில்லை. ராசி ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு என்று எனக்குத் தெரியும். நான் டீக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என் கண்ணெதிரில் வேறு ஒருத்தர் குடிப்பதை அவரால் பார்க்க முடியாது.

அப்படித்தான் எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வந்தது. நான் எல்லோர் முன்னாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெரிய டம்ளர் தண்ணீரைக் குடிப்பேன். நைனா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பாய்லர் கொதிக்கும், பால் மணக்கும், டீத்தூள் வாசனை மூக்கைத் துளைக்கும், ஒரு சொட்டு டீ யாருக்கும் கிடைக்காது. பிறந்ததிலிருந்து டீயில் வளர்ந்தவளுக்கு அந்த அரை மணி எவ்வளவு பெரிய கொடுமை என்று சொன்னால் புரியாது. தலை வலிக்கும். யாராவது கொட்டாவி விட்டால்கூட அடிக்கலாம் போல எரிச்சலாக வரும்.

முதல் சில வாரங்கள் பெஞ்சில் முணுமுணுப்பு இருந்தது. கொதிக்கிற பாய்லருக்கு முன்னால் டீ இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? "இன்னா மாமு, கடய தொறந்து வெச்சிகினு பேஜார் பண்ற?" என்று ஒருவர் கேட்டுவிட்டு வேறு கடைக்கு நடந்தார். நைனா தடுக்கவில்லை. சிவப்பு டிரைலர் அண்ணன்தான் விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "பாப்பா குடிக்காம எனக்கும் வாணாம்" என்றார். அதோடு நிற்கவில்லை. புதிதாக வருபவர்களை அவரே கையமர்த்தி உட்கார வைத்தார். "குந்து தலைவா. பாப்பா மாத்திர போட்டுகீது. டீ பட்டா எலும்புக்குப் போவாதாம். அரை மணிதான்."

கொஞ்ச நாளில் அது ஒரு சபை மாதிரி ஆகிவிட்டது. வரிசை நகராத ஞாயிறுகளில் டிரைவர்கள் வண்டியைப் பூட்டிவிட்டு முன்கூட்டியே வந்து உட்காருவார்கள். கரைக்கு வந்த மீன்பிடிக்காரர்கள் ஈரக் காலோடு வந்து நிற்பார்கள். என்னைத் தூங்கவிடாமல் பேசுவது அவர்கள் வேலை. ஓசூர் பக்கம் மலையில் இறங்கும்போது பிரேக் போன கதையும், ஸ்ரீபெரும்புதூரில் கன்டெய்னரைத் திறந்தால் உள்ளே பூனை குட்டி போட்டிருந்த கதையும் நான் அங்கேதான் கேட்டேன். என் தலை லேசாகச் சாய்ந்தால் பத்துக் குரல் ஒன்றாக, "நிமிந்து குந்து பாப்பா" என்னும். பரீட்சைக்குக்கூட என்னை யாரும் இப்படிக் காவல் காத்ததில்லை. அலுத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் சனிக்கிழமை வந்தாலே நாளைக்கு யார் யார் வருவார்கள் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு ஞாயிறு மழை. நான் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, வரிசை திடீரென்று நகர ஆரம்பித்தது. டிரைவர்கள் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நைனாவுக்கே மனசு கேட்கவில்லை. "இர்ரா, ஒரு கிளாஸ் குட்ச்சிட்டுப் போ" என்று சிவப்பு டிரைலர் அண்ணனைக் கூப்பிட்டு, நிஜமாகவே ஒரு கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணன் மழையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "பாப்பா குடிக்கலையே. அடுத்த வாரம் சேத்துக் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினார்.

அடுத்த பரிசோதனைக்கான நாள் வந்தது. உருண்டை நின்றதா, நசுங்கியதா, அது ஒன்றுதான் கேள்வி. டாக்டரம்மா எக்ஸ்ரேக்களை வரிசையாக மாட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் முதலில் பார்த்தது என்னை. "நிக்குது" என்றார்.

கோடு பெரிதாகவில்லை. உருண்டை அதே உருண்டையாக இருந்தது. ஓரத்தில் புது எலும்பு சேர ஆரம்பித்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். எனக்குப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் நைனா எல்லாம் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டினார். மாத்திரை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, காலை ஊன்றாமல் இருந்ததும் சேர்ந்துதான் என்றார் டாக்டரம்மா. இன்னும் ரொம்ப நாள் தொடர வேண்டும் என்றும் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தொடர்ந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஊன்ற அனுமதி வந்தது. ஒரு கட்டை போனது, பிறகு இன்னொன்றும் போனது. பள்ளிக்கூடத்தை முடித்தேன், கல்லூரியில் சேர்ந்தேன். ஆனால் வரிசை டீயை மட்டும் அம்மா திருப்பித் தரவில்லை. "மாத்திர முடியட்டும், அப்பால பாக்கலாம். அதுக்கு முன்ன அந்த வண்டிங்க பக்கம் போன, தெரியும் சேதி" என்றாள். நடக்கத் தெரிந்த கால் இருந்தும் அந்தச் சாலையில் நடக்க முடியாதது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கடை வாசலில் நின்று டிரைலர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இனி வருடத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும். எனக்கு இப்போதும் சப்பணம் போட்டு நெடுநேரம் உட்கார முடியாது. அலைச்சல் அதிகமானால் லேசாகச் சாய்ந்து நடப்பேன். ஓடக் கூடாது. மற்றபடி என் உருண்டை என்னோடு இருக்கிறது.

நிறுத்திய பிறகு வந்த முதல் ஞாயிறு, பழக்க தோஷத்தில் நான் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் வழக்கம்போல நிறைந்திருந்தார்கள். அவர்களிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. நைனா டீயை ஆற்றி நேராக என் கையில் கொடுத்தார். நான் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சிவப்பு டிரைலர் அண்ணன் எழுந்து வந்து கிளாஸை வெடுக்கென்று பிடுங்கினார். "இன்னா மாமு, புத்தி கீதா உனுக்கு? மணிய பாரு. இன்னும் மாத்திரயே போடல, டீய குட்த்துகினு கீற."

நைனா என்னைப் பார்த்தார். அம்மா பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் சொன்னேன். "மாத்திர முடிஞ்சிச்சுண்ணா. இனிமே கெடயாது."

அண்ணன் என் காலைப் பார்த்தார். கிளாஸைத் திரும்ப என் கையில் வைத்தார். எல்லோரும் பார்க்க நான் ஒரு வாய் குடித்தேன். "நல்லா கீது" என்றேன். நைனா அடுத்த கிளாஸை ஆற்றி அண்ணனிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "எனுக்கு இங்க வாணாம். நான் வண்டில குந்திகினு குடிக்கிறேன். பாப்பா எட்த்துகினு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக்கூட நிற்காமல் விடுவிடுவென்று நடந்தார்.

அன்றைக்கு அவருடைய வண்டி வரிசையின் வாலில் நின்றது. அம்மா பிளாஸ்க்கை நிரப்பினாள். மூடியைத் திருகி, சரியாக இருக்கிறதா என்று இரண்டாவது முறையும் திருகிப் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்தாள். நான் நடந்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வண்டிகள். இந்த முறை திமிரெல்லாம் இல்லை, சந்து வரும் இடமெல்லாம் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போனேன். வலி இல்லை. சிவப்பு டிரைலரின் கீழே போய் நின்று அண்ணாந்து குரல் கொடுத்தேன். மேலேயிருந்து கை நீண்டது. கப்பை நிரப்பிக் கொடுத்தேன்.

அவர் அவசரப்படவில்லை. ஒரு வாய் குடித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "நல்லா கீது" என்றார்.